மூன்று பங்கு மாத்திரை

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் யூனியனோடு சேர்ந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பட்டாளத்திலிருந்து திரும்பியவர் என்றதும் ஆவூரில் எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. பட்டாளத்துக்காரன் குடிப்பான், கை நீட்டுவான், ஓரிடத்தில் தரிக்கமாட்டான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் அப்போதுதான் டீச்சர் டிரெயினிங் முடித்து, கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். மாப்பிள்ளைக்கும் அதே ஊர். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம், அவர் தடுக்கமாட்டார் என்று மாதா கோயில் சாமியார் உறுதி சொன்னார். எனக்கு அது போதும். மற்றவர்கள் முகத்தை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று தலையாட்டிவிட்டேன்.

அவர் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. ஆனால் யாரும் எனக்குச் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. நான் கழுத்தை நீட்டியது ஒருவருக்கு; வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று பேர்.

யுத்தத்தில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரனிடம் கைதியானவர்களில் இவரும் ஒருவர். கூடவே நம் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் நல்ல உயரம். அவரை நெட்டை அண்ணன் என்போம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் கண்மாய்க்கரை ஓரம் ஒரு குடிசையில் தனியாக இருந்தார். இன்னொருவர் பட்டாளத்தில் இவர்கள் கம்பெனிக்குச் சமையல் வேலை பார்த்தவர். சமையல் அண்ணன். ஜப்பான்காரனின் கைதி கேம்பில் வந்த புண் ஆறாமல் ஒரு பாதம் வளைந்தே போய்விட்டது. அவர் இருந்த குடியிருப்புக்கு ரோடே கிடையாது. வரப்பிலும் ஓடைக்கரையிலும் நடந்துதான் பஸ் போகும் இடத்துக்கு வரவேண்டும்.

மூவரும் சந்தை நாளில் கறம்பக்குடியில் சந்திப்பார்கள். ஒரு வடை வாங்குவார்கள். ஒருவர் அதை மூன்றாகப் பிய்த்து இலையில் வைப்பார். மற்ற இருவரும் தமக்கு வேண்டியதை முதலில் எடுப்பார்கள். பிய்த்தவருக்கு மிஞ்சியதுதான். கேம்பில் ஒருபிடி சோறு கிடைத்தாலும் இப்படித்தான் நடந்ததாம். பங்கு போடுகிறவனுக்குக் கடைசிப் பங்கு என்றால்தான் கை கோணாமல் போடுவான் என்பது அவர்கள் சட்டம். கேம்பிலே சரி, கறம்பக்குடிச் சந்தையில் என்ன பஞ்சம் வந்தது?

"ஆளுக்கொரு வடை வாங்கித் தின்னா கடைக்காரன் கோவிச்சுக்குவானா?" என்று கேட்பேன்.

"ஒனக்குப் புரியாது, விடு" என்பார்.

புரியாதுதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த மூன்று பேரையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒருவர் பேச ஆரம்பித்த வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பார். கேம்பைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். யாராவது கிண்டிக் கேட்டால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எங்கள் மகள் என்னிடமே ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த சமயத்தில், அவருக்கு இருமல் பிடித்தது. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும். பனி என்றார், புழுதி என்றார். கறம்பக்குடி டிஸ்பென்சரியில் மிக்சர் வாங்கிக் குடித்தார். பட்டாளத்தில் இருந்தவரைக்கும் தும்மினால்கூட டாக்டர் வந்து பார்ப்பாராம். வீட்டுக்கு அனுப்பிய பிறகு அந்த வாசல் எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மிக்சர் பாட்டில்தான் எல்லாம். ஒரு நாள் காலையில் அவர் துப்பியதில் ரத்தம் இருந்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தார். நான் பார்த்துவிட்டேன்.

அன்றே லீவு சொல்லிவிட்டு, ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டி.பி. என்றார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அடுத்த வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தை அங்கிட்டு நகர்த்தி வைப்பாள். டாக்டர் இளவயசுக்காரர். வார்த்தையை மென்று முழுங்கத் தெரியாதவர். அந்த விதத்தில் என்னைப் போலத்தான்.

"முன்ன மாதிரி இல்லீங்க. இப்ப மாத்திரை வந்திருக்கு. வீட்டுல இருந்தே சாப்பிட்டுக் குணமாகலாம். ஆனா ஒரு வேளை விடக்கூடாது. மாசா மாசம் வந்து வாங்கிக்கணும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குப் பறக்கலாம் போலிருந்தது. வீட்டிலிருந்தே குணமாகலாமாமே. மாத்திரைப் பொட்டலத்தை அவர் தன் பட்டாளத்துத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். பிள்ளை கை படக்கூடாதே என்றார். காலையில் நான் பள்ளிக்கூடம் போன பிறகு சாப்பாட்டோடு சேர்த்து முழுங்கிவிடுவதாகச் சொன்னார். கவனமான மனுஷன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மாதங்கள் போயின. இருமல் போகவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் முகம் இன்னும் கொஞ்சம் கறுத்தது. கடைசியில் ஒரு நாள் புது எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லுங்க டீச்சர். மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"மாதா மேல சத்தியமா சாப்பிடுறாரு" என்றேன். இவர் என் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாதி மருந்து தின்னா, திங்காம இருக்கிறதை விட மோசம். கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கும். அப்புறம் முழு மருந்து குடுத்தாலும் கேக்காது. ஆளு போயிருவாரு" என்று டாக்டர் சொன்னார். எனக்கா அவருக்கா சொன்னார் என்று தெரியவில்லை. நான் ஒரு சத்தியம் செய்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சந்தை நாளில் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனேன். புருஷனை வேவு பார்க்கிறோமே என்று கூச்சமாக இருந்தது, அதற்காகத் திரும்பவில்லை. மாட்டுச்சந்தைக்குப் பின்னால் ஒரு வாகை மரத்தடியில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். இவர் துண்டை விரித்தார். மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொட்டினார். வெள்ளை மாத்திரைகளை மூன்று குவியலாகப் பிரித்தார். நெட்டை அண்ணன் ஒன்றை எடுத்துக்கொண்டார். சமையல் அண்ணன் ஒன்றை எடுத்துக்கொண்டார். மிஞ்சியதை இவர் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

சந்தை என்று பார்க்காமல் அங்கேயே கத்தியிருப்பேன். எப்படியோ வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவர் வாசலில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"வடைன்னு நெனச்சீங்களா அதை? பிச்சுத் திங்கிறதுக்கு?"

அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் இருமிவிட்டுச் சொன்னார்:

"அவங்களும் இருமுறாங்க. சமையக்காரன் அந்தக் காலை வச்சுக்கிட்டு ஓடை தாண்டி வந்து பஸ் ஏறி டவுனுக்குப் போக முடியுமா? அண்ணன் ஒரு நா டிஸ்பென்சரிக்குப் போனாரு. புதுக்கோட்டைக்குப் போன்னு சொன்னாங்க. அதோட சரி. எனக்கு ஒன்னைய மாதிரி ஒருத்தி இருக்கா, இழுத்துக்கிட்டுப் போறா. அவங்கள யாரு இழுத்துக்கிட்டுப் போவா?"

"அதுக்காக நீங்க சாவீங்களா? நானும் புள்ளையும் ஒங்க பங்குல வரமாட்டோமா?"

"அவங்கள விட்டுட்டு நான் மட்டும் முழுங்கினா அது எறங்காது" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வீம்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் மூட்டியது. வீம்பாக இருந்தால் நான் உடைத்துப் பார்த்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முக்காட்டைக்கூட எடுக்காமல் நெட்டை அண்ணன் குடிசைக்கு நடந்தேன். இனிமேல் என் புருஷனிடம் மாத்திரை வாங்காதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவதாகத் தீர்மானம். வழி பூராவும் வார்த்தைகளைக் கூர் தீட்டிக்கொண்டே போனேன்.

அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். இரண்டு வெட்டு வெட்டுவார், கோடரியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவார். என்னைப் பார்த்ததும் மரியாதையாகச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் உட்காரவில்லை. வந்த விஷயத்தைக் கொட்டித் தீர்த்தேன். கிருமி பழகிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் கோடரியைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

திறந்து பார்த்தேன். மாத்திரை. டின் நிறைய வெள்ளை மாத்திரை.

"ஒண்ணுகூடத் திங்கலை தங்கச்சி" என்றார். "வாங்க மாட்டேன்னா அவன் அவன் பங்கையும் திங்க மாட்டான். அவன் கொணம் எனக்குத் தெரியாதா? நான் தின்னா அவனுக்குக் கொறையும். அதான் வாங்கி வாங்கிப் போட்டு வச்சேன். டவுன்ல மருந்து இல்லேன்னு சொல்ற அன்னைக்கு எடுத்துக் குடுப்போம்னு. இப்புடிப் பழகிக்கும்னு எனக்கு யாரு சொன்னா?"

தீட்டிக்கொண்டு போன வார்த்தை ஒன்றும் உதவவில்லை. அந்த விறகுக் கட்டையின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். இவரும் முழுசாகத் தின்னவில்லை, அவர் தின்னவேயில்லை, ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறேன் என்று இரண்டு பேரும் நெஞ்சைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தார்கள். எரிச்சலாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது. இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்?

திரும்பி நடக்கும்போதே என் தீர்மானம் மாறிவிட்டது. இவர்களைப் பிரிக்க என்னால் ஆகாது. அப்படியானால் மூவரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

சமையல் அண்ணனை அவருடைய மச்சினன்மார் கட்டிலோடு தூக்கி ஓடையைத் தாண்டி ரோட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் முதலில் முகத்தைச் சுளித்தார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சமையல் அண்ணன் காலைக் காட்டி, "பர்மாவுக்கும் சயாமுக்கும் நடந்த காலுங்க இது. புதுக்கோட்டைக்கு ஒக்காந்து வரக்கூடாதா?" என்றார். கண்டக்டர் முன் சீட்டை ஒழித்துக் கொடுத்தார்.

டாக்டரின் மேசையில் பிஸ்கட் டின்னை வைத்து நடந்ததைச் சொன்னேன். குதித்தார். படித்த டீச்சர் வீட்டில் இப்படியா என்றார். பிறகு டின்னுக்குள் விரலை விட்டுக் கிளறிப் பார்த்தார். மூவருக்கும் படம் எடுக்கச் சொன்னார்.

சமையல் அண்ணனுக்கு நோய் ஆரம்பத்தில் இருந்தது. மாத்திரையை இனி ஒழுங்காகச் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார். இவருக்கும் நெட்டை அண்ணனுக்கும் மோசம். இரண்டு பேரையும் தஞ்சாவூர்ப் பக்கத்தில் உள்ள டி.பி. ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டும். அங்கே இடம் கேட்டு எழுதினார். அடுத்த முறை போனபோது பதில் வந்திருந்தது. ஒரே ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

"ரெண்டு பேரு படமும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. யாரு போறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"அவனுக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்கு. அவன் போகட்டும்" என்றார் நெட்டை அண்ணன்.

"அண்ணனுக்கு ஒரு வாய் கஞ்சி காச்சிக் குடுக்க ஆள் இல்லை. அவரு போகட்டும்" என்றார் இவர்.

இது முடிகிற வழியாகத் தெரியவில்லை. வெளியே நோயாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நெட்டை அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி பங்கு போடட்டும். அது சொன்னா ரெண்டு பேரும் கட்டுப்படுறோம்" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்கு உடனே விளங்கிவிட்டது. எந்தப் பெண்டாட்டி புருஷன் பேரைத் தவிர்த்து வேறு பேரைச் சொல்லுவாள்? கட்டிலை இவருக்கு வாங்கிக் கொடுப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் முகம் வந்தது. இவர் பேரைச் சொல்லிவிடலாம், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள், நெட்டை அண்ணன் சந்தோஷமாகவே திரும்பிப் போவார், போய்ச் செத்தும் போவார்.

"பங்கு போடுறவங்களுக்குக் கடைசிப் பங்குதானே அண்ணே?" என்றேன். "கட்டில் ஒங்களுக்கு."

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என்னமோ சொல்ல வாயெடுத்தார். ஒத்துக்கொண்டதை மீறுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. அன்றைக்கே தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினார். நானும் இவரும் கறம்பக்குடி பஸ்ஸில் வந்தோம். வழியில் வாயைத் திறந்திருந்தால் எனக்கு ஒப்பாரிதான் வந்திருக்கும்.

இவருக்கு வீட்டு வைத்தியமே தொடர்ந்தது. மாத்திரையோடு ஊசியும் சேர்ந்தது. கறம்பக்குடி டிஸ்பென்சரியில் தினமும் ஊசி போட்டுக்கொள்ள டாக்டர் ஏற்பாடு செய்தார். மாத்திரையை இனிமேல் என் கண்முன்னால் முழுங்க வேண்டும். முழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பழகிய அதட்டல் எனக்கு இருந்தது. பட்டாளத்தில் மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா மாத்திரைக்கு ஹவில்தாரிடம் வாய் திறந்து காட்டிய பழக்கம் அவருக்கு இருந்தது. சண்டை வரவில்லை.

டாக்டர் இன்னொரு கட்டளையும் போட்டிருந்தார். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார். யார் நோயாளியோ அவர்தான் நேரில் வரவேண்டும். பங்கு போட்ட கதை தெரிந்த பிறகு அவரை எப்படிக் குறை சொல்வது? சமையல் அண்ணன் முதலில் இரண்டு மூன்று மாதம் எப்படியோ வந்தார். அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. ஓடை இரு கரையும் நிறைந்து ஓடியது. கட்டிலோடு தூக்கிவர வழியில்லை. இவர் டவுனுக்குப் போய், "சமையக்காரன் மாத்திரையை எங்கிட்டக் குடுங்க, ஒண்ணுகூடத் தொடமாட்டேன்" என்று கெஞ்சினார். டாக்டர் கொடுக்கவில்லை. அடுத்த மாதமும் போய்க் கேட்டார். அப்போதும் கொடுக்கவில்லை.

மருந்து நின்றதும் நோய் வேகமாக முற்றி, கார்த்திகையில் ஓடை வடிவதற்குள் சமையல் அண்ணன் போய்விட்டார்.

மூவரில் அவருக்குத்தான் நோய் குறைவு. பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் வாயாலேயே சொன்ன ஆள். அவரைக் கொன்றது நோயில்லை, ஒரு ஓடை. இதை நான் டாக்டரிடமே சொன்னேன். அடுத்த முறை டவுனுக்குப் போனபோது, மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இப்படியே சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். "அவரு வீடு எங்கிட்டு இருக்கு?" என்றார்.

அந்த வாரமே வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, இவர் வழி காட்ட, நான் பின்னால் வர, ஓடைச் சேற்றில் இறங்கி நடந்தார். நடுவில் ஒரு தடவை வழுக்கி விழுந்தார். சமையல் அண்ணன் வீட்டு வாசலில் அந்தச் சேறோடு நின்று அவர் மனைவியைக் கும்பிட்டார். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி ரோட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னார்: "இனிமே நீங்க யாரும் வரவேண்டாம். நான் வாரேன்."

எங்கள் பேச்சு அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. படித்தவர்கள் செய்த தப்பை மூடி மறைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த மனுஷர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த ரோட்டிலேயே போய்விட்டது.

மேலே யார் யாருக்கோ எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினார். மாதத்தில் ஒரு சந்தை நாள் கறம்பக்குடி டிஸ்பென்சரியில் வந்து உட்கார்ந்தார். முதல் தடவை ஆளே வரவில்லை. டி.பி. டாக்டர் வந்திருக்கிறார் என்றால் யார் நாலு பேர் பார்க்க அங்கே போய் நிற்பார்கள்? பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இன்னும் கூச்சம் அதிகம். யுத்தத்துக்குப் போய் வந்தவன் இருமலுக்குப் போய் வரிசையில் நிற்பதா என்று வீட்டிலேயே கிடந்தார்கள்.

இவர் ஒரு வேலை செய்தார். சந்தைக்கு வருகிற வண்டிக்காரர்கள் மூலமாக ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினார்: "அடுத்த மாசம் டாக்டர் வர்ற அன்னைக்குக் கறம்பக்குடியில சிக் பரேடு. பட்டாளத்துல இருந்தவங்க எல்லாரும் வரணும்." பட்டாளத்தில் உடம்பு சரியில்லாதவர்கள் காலையில் டாக்டர் முன்னால் வரிசையாக நிற்பதற்கு அதுதான் பேராம். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வராதவர்கள் பரேடு என்றதும் வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, மீசையை நீவிவிட்டுக்கொண்டு வந்தார்கள். டி.பி. காரர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு மலேரியாவால் வயிற்றில் கட்டி, பழைய குண்டடி, செவிட்டுக் காது, ஆறாத புண். எத்தனையோ காலமாக யாரிடமும் காட்டாமல் வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்த புண்களை அன்றைக்குத் திறந்து காட்டினார்கள். வரிசையில் முன்னால் நிற்பது யார் என்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. பெரிய பதவியில் இருந்தவர் முன்னால் இல்லை. ரொம்ப முடியாதவர் முன்னால்.

டாக்டர் முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டே ஒவ்வொருவரையும் பார்த்தார். டி.பி. டாக்டர் எதற்குக் காதையும் காலையும் பார்க்க வேண்டும்? பார்த்தார். அடுத்த மாதம் காதுக்கும் புண்ணுக்கும் மருந்து எடுத்துவந்தார். நாளாக ஆக, பட்டாளத்துக்குப் போகாத, காடுகரை பார்க்கும் சம்சாரிகளும் பெண்களும் அந்த வரிசையின் வாலில் வந்து நின்றார்கள். நடக்க முடியாதவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று இவர் விசாரித்து வைத்திருப்பார். சந்தை கலைந்த பிறகு டாக்டரை மாட்டுவண்டியில் ஏற்றி அங்கே அழைத்துப் போவார். தனக்கே உடம்பு தேறாத மனுஷன் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து இருமிக்கொண்டே போவதைப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். போகாதீர்கள் என்று மட்டும் நான் சொன்னதில்லை.

நெட்டை அண்ணன் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. மாத்திரையே தின்னாமல் இருந்ததால் அவருடைய கிருமிக்கு மருந்து புதுசு. அதனால் சட்டென்று கேட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். இவருக்குத்தான் இழுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழக்கிவிட்டாரே. ஊசி போட்டுப் போட்டு இரண்டு புட்டமும் கல்லாகிவிட்டது. ஒரு கட்டத்தில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, எதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலும் வாயைத் திறங்கள் என்றுதான் அதட்டினேன். தினமும் காலையில் நெட்டை அண்ணன் வந்து இவரைப் பஸ் ஏற்றி ஊசிக்கு அழைத்துப் போனார். நான் பள்ளிக்கூட வாசலில் நின்று பஸ் போவதைப் பார்ப்பேன். இவர் ஜன்னலோரம் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் மணி அடிக்கச் சொல்வேன்.

கடைசியில் அவர் உடம்பும் மருந்துக்கு இணங்கியது. ஒரு பரேடு நாளில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே மாத்திரை வேண்டாம்" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். நெட்டை அண்ணன் மட்டும் தட்டவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

நானும் இவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினோம். நடந்து பார்க்கிறேன் என்று அவர்தான் சொன்னார். அறுப்பு முடிந்த வயல்கள். கொஞ்ச தூரம் போனதும் கேலியாக ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நீ எம் பேரைச் சொல்லியிருந்தா இம்புட்டு ஊசி குத்து வாங்கியிருக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நாளும் அடைத்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"ஏன் சொல்லலைன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டீங்களா? என்னையப் பெரிய தியாகின்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க போல. வாய்தான் அண்ணன்னு சொல்லுச்சு. மனசு பூராவும் நீங்கதான். நீங்க செத்துருவீங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் சொன்னேன். தெரியுமா ஒங்களுக்கு?"

அவர் நின்றுவிட்டார்.

"தெரியும்" என்றார். "அப்ப ஒன் கை என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கட்டில் அண்ணனுக்குன்னு சொல்றப்பவும் விடலை. பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் விடலை. அதுக்கு மேல ஒன்கிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

சட்டையைப் பிடித்திருந்தது எனக்கு நினைவில்லை. இன்றைக்கும் எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும்.